மேகம் எத்தனை புளியங்கொட்டை

“என் பொண்ணுக்குச் சுடுதுன்னு சொல்லத் தெரியல டீச்சர்.”

காந்திமதி இதைச் சொன்னபோது பேச்சி டீச்சர் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தாள். ஓட்டை விழுந்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

“உட்காருங்கக்கா.”

பெயர்தான் பேச்சி. அவளை ஒரு வார்த்தை பேச வைப்பதற்குள் நமக்குத் தாவு தீர்ந்துவிடும்.

காந்திமதியைவிடப் பத்து வயதாவது இளையவள். காந்திமதியும் டீச்சர்தான், கீழே டவுனில், மூன்றாம் வகுப்புக்கு. சர்வீஸில் மூத்தவள், மாவட்டத்திலேயே நல்ல டீச்சர் என்று பொன்னாடையெல்லாம் வாங்கியவள். இருந்தும் இந்தச் சின்னப் பெண்ணை ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிட்டாள். தேவை வந்தால் மனுஷனுக்கு மரியாதை தானாக வந்துவிடுகிறது.

மலைக்குப் பெயர் இருக்கிறது. சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வேன் பிடித்துப் போய் அங்கே பிரியாணிப் பொட்டலத்தைப் பிரிப்பீர்கள்.

பஸ் ஓர் இடத்தோடு நின்றுவிடும். அதற்கு மேல் நடைதான்.

நடக்க நடக்கச் சத்தங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ளும். முதலில் ஹாரன். அப்புறம் ரேடியோ. அப்புறம் மனசுக்குள் ஓடுகிற பேச்சு. மேலே போய்ச் சேரும்போது எதற்கு வந்தோம் என்பதே பாதி மறந்திருக்கும்.

காந்திமதிக்கு மறக்கவில்லை. அவள் பிடித்திருந்த கை மறக்க விடவில்லை.

அது அவள் மகள் அல்லியின் கை. அல்லிக்கு எட்டு வயது. அம்மாவின் வகுப்பிலேயே படிக்கிறாள். வலது கையில் மணிக்கட்டு வரை தோல் உரிந்து, புதுத் தோல் ரோஸ் நிறத்தில் வந்திருந்தது.

மலையில் ஒரு டீச்சர் இருக்கிறாள், அவளிடம் படிக்கிற பிள்ளைகள் கண்ணால் பார்த்ததை மட்டும்தான் சொல்லும் என்று யாரோ சொல்லக் கேட்டு, மகளை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

பேச்சி அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“வலிச்சுதா?”

அல்லி நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். காந்திமதியின் கண் கலங்கியிருந்தது.

“வலிச்சுது,” என்றாள் அல்லி.

“இப்ப வலிக்குதா?”

அல்லி மறுபடியும் நிமிர்ந்தாள். காந்திமதி அவசரமாகச் சிரித்தாள்.

“வலிக்கல.”

பேச்சி அம்மாவைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். கையை விட்டுவிட்டாள்.

“வெளியே பிள்ளைங்க விளையாடுது. போறியா?”

அல்லி போனாள். போவதற்கு முன்னால் யாரைப் பார்த்தாள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

“என்ன நடந்துச்சுக்கா?”

“மூணு கிண்ணம் டீச்சர். ஒண்ணுல ஜில் தண்ணி, ஒண்ணுல வெதுவெதுப்பா, நடுவுல சாதாத் தண்ணி. ஒரு கையை ஜில்லுல வைக்கணும், இன்னொரு கையை வெதுவெதுப்புல. கொஞ்ச நேரம் கழிச்சு ரெண்டையும் சாதாத் தண்ணிக்கு மாத்தணும். ஒரே தண்ணிதான். ஒரு கை சூடுங்கும், இன்னொரு கை குளிருதுங்கும். பிள்ளைங்களுக்கு அவ்வளவு பிடிக்கும்.”

“எனக்கும் பிடிக்கும்.”

“அன்னைக்குப் பெரிய ஆளுங்க எல்லாம் பார்க்க வந்திருந்தாங்க. தண்ணி ஆறிப்போச்சேன்னு யாரோ பிளாஸ்க்ல இருந்து ஊத்திட்டாங்க. கொதிக்கிற தண்ணி. எனக்குத் தெரியாது. நான் அல்லியைக் கூப்பிட்டுக் கையை வைக்கச் சொன்னேன். எப்படி இருக்குன்னு கேட்டேன்.”

“என்ன சொன்னா?”

“வெதுவெதுப்பா இருக்குன்னா. சிரிச்சுக்கிட்டே சொன்னா. எல்லாரும் கை தட்டினாங்க. கை தட்டி முடிக்கிறவரைக்கும் அவ கையை எடுக்கல டீச்சர்.”

பெற்ற வயிறு. அதற்கு மேல் அதை விவரிக்க எனக்கும் மனசில்லை.

பேச்சி தண்ணீர்ச் செம்பை நகர்த்தி வைத்தாள்.

“நான் மனப்பாடம் பண்ண வைக்கிறவ இல்ல,” என்றாள் காந்திமதி. “எங்கிட்ட எல்லாமே கையால செஞ்சு பார்க்கிறதுதான். காந்தம், கண்ணாடி, முளைக்கிற விதை, குச்சியை அடுக்கிக் கூட்டல் கழித்தல். என் வகுப்புல எந்தச் சோதனையும் தப்பாப் போனதே இல்ல. முந்தின நாளே நான் செஞ்சு பார்த்துடுவேன். அப்படி வளர்த்த பிள்ளைக்குத் தன் கை வேகுறதைச் சொல்லத் தெரியலையே. நாளைக்கு நான் இல்லாத இடத்துல எவனாவது எதுலயாவது கையை வைன்னா வைப்பாளே. சுடலைன்னு சிரிப்பாளே. அதை நினைச்சா எனக்குப் பயமா இருக்கு.”

பேச்சி ரொம்ப நேரம் சிரட்டையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

“நல்லாப் படிக்கிற பிள்ளைக்கா.”

“என்னது?”

“ரொம்ப நல்லாப் படிக்கிறா. ஆனா ஒரே புத்தகத்தைத்தான் படிக்கிறா.”

“எந்தப் புத்தகம்?”

“எல்லாருக்கும் தெரியும். உங்களால மட்டும் பார்க்க முடியாது.”

காந்திமதிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. விடுகதை போடுவதற்கா முழங்கால் வலிக்க வலிக்க மலை ஏறி வந்தாள்?

“என்ன செய்யணும்னு நேராச் சொல்லுங்க டீச்சர்.”

பேச்சி அந்தச் சிரட்டையை அவள் கையில் கொடுத்தாள்.

“மேகம் நிறுக்கப் போறோம். இருந்துட்டுப் போங்க.”

அந்த ஊரில் அந்த மாதத்தில் உச்சி வேளைக்கு மேகம் வரும்.

வானத்தில் வருகிற மேகம் இல்லை. தெருவில் வருகிற மேகம். பள்ளத்தாக்கிலிருந்து மெல்ல ஏறி, டீக்கடை பெஞ்சில் கொஞ்சம் உட்கார்ந்து, வீடு வீடாக எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். துணி காயாது, உப்பு கசியும், தீப்பெட்டி பற்றாது என்று ஊரே அந்த நேரத்துக்கு ஜன்னலைச் சாத்திவிடும்.

பள்ளிக்கூடத்தில் மட்டும் அந்த நேரம் பார்த்துத் திறந்து வைப்பார்கள்.

ஒரே ஓர் அறை. எதிரெதிராக இரண்டு ஜன்னல். ஒன்றின் வழியாக வந்து மற்றதன் வழியாகப் போகும். நடுவில் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். போன பிறகு சுவரை நக்கிப் பார்த்து, இன்றைக்கு வந்தது கடல் மேகமா காட்டு மேகமா என்று சண்டை போடுவார்கள். பேச்சி அந்தச் சண்டையைத் தீர்த்து வைத்ததே கிடையாது.

வருஷத்துக்கு ஒரு தடவை மேகத்தை நிறுத்துப் பார்ப்பது அங்கே வழக்கம்.

கடையில் வாங்கின தராசு இல்லை. ஒரு குச்சி, கொஞ்சம் நூல், இரண்டு சிரட்டை. ஒரு சிரட்டையில் காய்ந்த பஞ்சு. இன்னொன்றில் புளியங்கொட்டை. குச்சி நேராக நிற்கும்வரை கொட்டையைப் போட்டு எடுத்துச் சரி பண்ண வேண்டும். அப்புறம் மேகம் வந்து பஞ்சில் உட்காரும். பஞ்சு கனக்கும். மறுபடி குச்சி நேராக நிற்க இன்னும் எத்தனை கொட்டை போட வேண்டுமோ, அதுதான் மேகத்தின் எடை.

“போன வருஷம் மூணு கொட்டை,” என்றான் தங்கப்பழம். அந்த வகுப்பில் வாய் மூடாத பையன் அவன்தான். “இந்த வருஷம் மேகம் வளர்ந்திருக்கும்.”

“மேகம் வளராது. வயசுதான் ஆகும்,” என்றது ஒரு பெண் குழந்தை.

“வயசானா கனம் கூடுமா குறையுமா?”

“எங்க தாத்தா குறைஞ்சுட்டாரு.”

பேச்சி நூலை முடிச்சுப் போட்டுக்கொண்டே இருந்தாள்.

காந்திமதிக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. நல்லதைக் கண்டால் நல்லது என்று சொல்கிற மனசு அவளுக்கு உண்டு. அல்லிக்கு ஒரு குச்சி தேடிக் கொடுத்தாள். அல்லி குவியலில் கிடந்த சிரட்டைகளில் தனக்குப் பிடித்த இரண்டை எடுத்துக்கொண்டாள்.

குனிந்து மகளின் காதில் மெதுவாகச் சொன்னாள்: “பஞ்சு தண்ணியைக் குடிக்கும்டி. பஞ்சுச் சிரட்டைதான் கீழே இறங்கும். பாரேன்.”

“சரிம்மா.”

அல்லி பார்த்தது பஞ்சை இல்லை.

அன்றைக்கு மேகம் வரவில்லை.

அம்மாவும் மகளும் பேச்சி வீட்டிலேயே தங்கினார்கள். மறுநாளும் மேகம் வரவில்லை. வெயில் ஜம்மென்று காய்ந்தது. ஊர்க்காரர்களுக்குச் சந்தோஷம், கொடி கொள்ளாமல் துணி.

பேச்சி பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலிருந்த பாறைக்கு அழைத்துப் போனாள். யானை படுத்திருப்பது மாதிரி ஒரு பாறை.

“எத்தனை சாண்?”

பிள்ளைகள் தலையிலிருந்து வால் வரை சாண் போட்டு நகர்ந்தார்கள். ஆளுக்கொரு எண் வந்தது. தங்கப்பழம் இருபத்தொன்று என்றான். இன்னொருத்தி இருபத்தைந்து என்றாள். ஒருத்தன் பாதி வழியில் ஓணானைப் பார்த்து அதன் பின்னால் போய்விட்டான்.

அல்லி அளந்தாள். சுட்ட கையை விட்டுவிட்டு இடது கையால் ஒழுங்காக அளந்தாள். உதடு அசைய எண்ணினாள். எழுந்து அம்மாவைப் பார்த்தாள்.

“இருபத்து நாலு...”

காந்திமதியின் புருவம் கொஞ்சம் உயர்ந்தது.

“இருபத்து ரெண்டு...”

புருவம் இறங்கவில்லை.

“இருபது... பதினெட்டு...”

புருவம் இறங்கியது.

“பதினேழு,” என்றாள் அல்லி. காந்திமதியின் முகம் மலர்ந்துவிட்டது.

பேச்சி பாறையைத் தட்டிப் பார்த்தாள்.

“சுருங்கிருச்சு.”

“சரியாத்தானே சொல்லியிருக்கா?” என்றாள் காந்திமதி. “பதினேழு இருக்கும். நான் பார்த்தாலே சொல்லிடுவேன்.”

“உங்க சாண்லயா, அவ சாண்லயா?”

காந்திமதி தன் கையை விரித்துப் பார்த்தாள். மகளின் கையைப் பார்த்தாள். மகளின் கை அவள் உள்ளங்கைக்குள் அடங்குகிற கை. அந்தக் கைக்கு இந்தப் பாறை எப்படிப் பதினேழு சாணாகும்?

அவளுக்கு முகம் விழுந்துவிட்டது. ஆனால் புரிந்தது என்று நினைக்காதீர்கள். கெட்டிக்காரர்களுக்குச் சில விஷயம் சுற்றி வளைத்துத்தான் போய்ச் சேரும்.

“பாருங்க டீச்சர். இதுதான் அவகிட்ட உள்ள குறை. எண்ணத் தெரியும், ஆனா நிதானம் இல்ல.”

பேச்சி ஒரு குடத்தை எடுத்து நீட்டினாள்.

“கீழ ஓடையில தண்ணி எடுத்துட்டு வாங்கக்கா. அவ இன்னொரு தடவை அளக்கட்டும்.”

ஓடை பக்கத்தில் இல்லை. போய் நிரப்பி, மூச்சு வாங்க ஏறி வந்தாள். பிள்ளைகளெல்லாம் ஓணானோடு போய்விட்டிருந்தார்கள். அல்லி மட்டும் பாறையின் மேல் உட்கார்ந்திருந்தாள்.

“அளந்தியா?”

அல்லி தலையாட்டினாள், இல்லை என்று.

“ஏன்ட்டி?”

“நீ வரட்டும்னு.”

காந்திமதி குடத்தை இறக்கி வைத்தாள். ஏதோ ஒன்று இடுப்பில் கனத்தது, குடத்தை இறக்கிய பிறகும்.

“நான் இருந்தாலும் தப்பாப் போகுது. இல்லாட்டி ஒண்ணுமே நடக்கல,” என்றாள் பேச்சியிடம். “நான் என்னதான் செய்ய?”

“நல்ல கேள்வி,” என்றாள் பேச்சி. குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு எத்தனை நாள் போனது என்று காந்திமதிக்கே கணக்குத் தப்பிவிட்டது. மலையில் நாட்களுக்கு ஓரம் கிடையாது. ஒன்று முடிவதற்குள் அடுத்தது மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

காலையில் பிள்ளைகள் வருவார்கள். தராசுகளைத் தொங்கவிடுவார்கள். ஜன்னலைத் திறப்பார்கள். காத்திருப்பார்கள். காத்திருக்கும்போது நிழலை அளந்தார்கள். எறும்புக்கு எத்தனை கால் என்று எறும்பையே கேட்டார்கள். ஒரு நாள் முழுக்க, நூல் எவ்வளவு நீளமானால் கல் எவ்வளவு மெதுவாக ஆடும் என்று பார்த்துக்கொண்டே இருந்து, ஆடுகிற கல்லோடு சேர்ந்து பாதிப் பேர் தூங்கிப்போனார்கள். பேச்சியும்தான்.

எத்தனையோ சோதனை தப்பாகப் போனது. யாரும் அதற்காக வருத்தப்பட்ட மாதிரி தெரியவில்லை.

காந்திமதிக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை.

காத்திருந்து காத்திருந்து பிள்ளைகள் சலித்துவிடாதா? அல்லி ஏமாந்துவிட மாட்டாளா? ஒரு வகுப்பு எடுத்தால் அது முடிய வேண்டாமா? அவளுடைய வகுப்பில் எல்லாம் மணி அடிப்பதற்குள் முடிந்துவிடும்.

ஒரு மத்தியானம். பிள்ளைகள் சாப்பிடப் போயிருந்தார்கள். அறையில் யாரும் இல்லை. செம்பில் தண்ணீர் இருந்தது.

அவள் விரல் நுனியைச் செம்பில் நனைத்து, அல்லியின் பஞ்சில் தெளித்தாள். ரொம்ப இல்லை. மூன்று கொட்டை கனத்துக்கு.

அதைத் திருட்டுத்தனம் என்று அவள் நினைக்கவே இல்லை. பல வருஷமாகச் செய்து பழகின கை. முளைக்காத விதை இருந்த கிண்ணத்தில் முளைத்த விதையை மாற்றி வைத்த கை. ஒட்டாத காந்தத்தை அலமாரிக்குள் ஒளித்து வைத்த கை. பிள்ளைகள் முகம் வாடக் கூடாது, அவ்வளவுதான் அவளுக்கு.

நிமிர்ந்தபோது வாசலில் பேச்சி நின்றிருந்தாள்.

பேச்சி வந்தாள். சிரட்டையிலிருந்து பஞ்சை எடுத்தாள். காந்திமதியின் உள்ளங்கையைப் பிடித்து விரித்து, அதில் பிழிந்தாள். இரண்டு சொட்டு விழுந்தது.

“இது எந்த மேகம்க்கா?”

“பிள்ளை ஏமாந்துடக் கூடாதேன்னு...”

“இப்ப ஏமாறலையா?”

காந்திமதிக்கு அவமானமாக இருந்தது. கீழே இறங்கிப் போய்விடலாம் என்று இருந்தது. பையை எடுத்து வைத்துவிட்டாள்கூட.

பேச்சி காய்ந்த பஞ்சாகப் பார்த்து எடுத்து, சிரட்டையில் வைத்தாள். குச்சி நேராகும்வரை பார்த்தாள். பிறகு ஜன்னல் பக்கம் காதைத் திருப்பினாள்.

“இருங்கக்கா,” என்றாள். “டீக்கடைக்காரர் ஜன்னலைச் சாத்துறாரு.”

முதலில் தெருக்கோடியில் இருந்த புங்க மரம் இல்லாமல் போனது.

அப்புறம் டீக்கடை. அப்புறம் கொடிக்கம்பம்.

பிள்ளைகள் சோற்றுக் கையோடு ஓடி வந்து அவரவர் தராசின் முன்னால் உட்கார்ந்தார்கள். தங்கப்பழம்கூட வாயை மூடிக்கொண்டான். அல்லி உட்கார்ந்தாள். அவளுக்கு எதிரே, தராசுக்கு அந்தப் பக்கம், வழக்கம்போல் அம்மா உட்கார்ந்தாள்.

மேகம் ஜன்னலில் கொஞ்சம் தயங்கியது. பிறகு உள்ளே வந்தது.

அது அந்த வருஷத்தின் முதல் மேகம். பசித்து வந்தது. தரையைத் தின்றது, பெஞ்சைத் தின்றது, கரும்பலகையைத் தின்றது. கடைசியாக ஆட்களை. காந்திமதி பார்த்துக்கொண்டிருக்கும்போதே மகளின் ரிப்பன் போனது, நெற்றி போனது, கண் போனது. வெள்ளை மட்டும் இருந்தது. முன்னாலும் வெள்ளை, பின்னாலும் வெள்ளை. தன் மடிகூடத் தெரியவில்லை. காதுக்குள் ஏதோ மெத்தென்று அடைத்த மாதிரி இருந்தது. எங்கோ தூரத்தில், அல்லது ரொம்பப் பக்கத்தில், ஒரு பிள்ளை மூக்கை உறிஞ்சியது.

“என்ன தெரியுது அல்லி?” என்றாள். பழக்கம்.

பதில் இல்லை.

“அல்லி?”

“அம்மா, நீ எங்க இருக்க?”

“இங்கதான்ட்டி. எதிர்லதான் இருக்கேன்.”

“உன் முகம் தெரியல.”

“மேகம்ல. போயிடும். நீ என்ன தெரியுதுன்னு சொல்லு.”

“உன் முகம் தெரியலம்மா.” குரலில் அழுகை முட்டியது. “நான் எப்படிச் சொல்ல?”

காந்திமதி வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது.

அவள் மெதுவாகத் தன் கையைத் தூக்கினாள். வெள்ளைக்குள் துழாவித் தன் முகத்தைத் தொட்டாள். ஈரமாக இருந்தது. விரலால் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இரண்டு புருவமும் மேலே ஏறியிருந்தன. கன்னம் சிரிப்புக்குத் தயாராக இழுத்துப் பிடித்திருந்தது. பஞ்சுச் சிரட்டை கீழே இறங்கியாச்சா என்று கேட்கிற முகம். ஆமாம் என்று சொன்னால்தான் விடுகிற முகம்.

பார்க்க யாரும் இல்லாத இடத்தில் அது தானாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

இத்தனை வருஷத்தில் அவள் அதைத் தொட்டுப் பார்த்ததே இல்லை.

தோளில் ஒரு கை விழுந்தது. பேச்சியின் கையாகத்தான் இருக்க வேண்டும். ஒன்றும் சொல்லாமல் அழுத்தியது. காந்திமதி வாயை மூடிக்கொண்டாள்.

நேரம் போனது. எவ்வளவு என்று கேட்காதீர்கள். மேகத்துக்குள் கடிகாரம் ஓடாது.

“அம்மா.”

“ம்.”

“கை குளிருது.”

காந்திமதி பேசவில்லை.

“நான் தராசைத் தொட்டுப் பார்க்கட்டா?”

“ம்.”

“நூல் ஈரமா இருக்கு. பஞ்சு நனைஞ்சிருக்கு. மேல மட்டும். உள்ள காஞ்சுதான் இருக்கு.”

“ம்.”

“பஞ்சுச் சிரட்டை...” குரல் நின்றது.

காந்திமதி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். இறங்கும், இறங்கும் என்று அவளுக்குள் ஒருத்தி துடித்தாள். அவளை அப்படியே அமுக்கி உட்கார வைத்தாள்.

“பஞ்சுச் சிரட்டை மேல போயிருக்கும்மா.”

மேலேயா? எப்படிப் போகும்? பஞ்சுதானே தண்ணியைக் குடிக்கும்? காந்திமதியின் முகம் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கே தெரியும். நல்லவேளை, யாருக்கும் தெரியவில்லை.

“நீ சொன்ன மாதிரி இல்லம்மா.”

“ம்.”

“கொட்டைச் சிரட்டைதான் கீழ வந்திருக்கு. அடியில என்னமோ சொட்டுது. இரு, தடவிப் பார்க்கிறேன்.” பிள்ளைக்குக் குரலில் ஒரு துள்ளல் வந்துவிட்டது. “நார்ம்மா. இந்தச் சிரட்டைல நார் உரிக்கவே இல்ல. வெளியெல்லாம் நார் நாரா நீட்டிக்கிட்டு இருக்கு. ஒவ்வொரு நார்லயும் ஒரு சொட்டு தொங்குது. பஞ்சைவிட நார்தான் நிறைய மேகம் பிடிச்சிருக்கு.”

“என் சிரட்டைல நார் இல்ல,” என்று ஒரு குரல் வந்தது வெள்ளைக்குள்ளிருந்து. தங்கப்பழம்.

“என்னோடதைத் தொட்டுப் பாரு. இங்க வா. குரல் வர்ற பக்கம் வா.”

பல கைகள் துழாவிக்கொண்டு வந்தன. யாரோ யார் காதையோ பிடித்தார்கள். சிரிப்பு. அல்லியும் சிரித்தாள். மகள் அப்படிச் சிரித்து எத்தனை நாள் ஆயிற்று என்று காந்திமதிக்கு நினைவில்லை. கண்ணீர் வழிந்தது. துடைக்கத் தோன்றவில்லை, மேகத்தில் எது கண்ணீர் எது மேகம்?

கைகள் ஒவ்வொன்றாக விலகிப் போயின.

“அம்மா.”

“ம்.”

“இருக்கியா?”

“இருக்கேன்.”

“அன்னைக்குச் சுட்டுதும்மா.”

“ம்.”

“ரொம்பச் சுட்டுது. கையை எடுத்துடலாம்னு இருந்துச்சு. ஆனா நீ சிரிச்சுக்கிட்டு இருந்த. அதனால சுடலையோன்னு...”

அந்த நேரம் பார்த்து எதிர் ஜன்னலின் கம்பி ஒன்று மங்கலாகத் தெரிந்தது. பிறகு இன்னொன்று. பெஞ்சின் கால் வந்தது. மேகம் விலகிக்கொண்டிருந்தது. தராசுக்கு அந்தப் பக்கம் ரிப்பன் சிவப்பாக வந்தது. அதற்குக் கீழே, நிமிரத் தொடங்கிய ஒரு சின்ன நெற்றி.

காந்திமதி முந்தானையை இழுத்துத் தன் முகத்தை முழுக்க மூடிக்கொண்டாள்.

“சொல்லுட்டி,” என்றாள். “அப்புறம்?”